முகம் அறியாக் குரல்: பின்னணிப் பாடகரும் இரசிகரின் கற்பனையும்

இசைக்கலைஞர்கள் சமூக ஊடகங்களில் நாள்தோறும் தோன்றும் இக்காலத்தில், அவர்களைச் சூழ்ந்திருந்த பழைய புதிர்த்தன்மை அழிந்துவிட்டது என்னும் கருத்து பரவலாக முன்வைக்கப்படுகிறது. பின்னணிப் பாடகி சுவர்ணலதாவைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தினை நாம் ஆராயலாம்.

1987-இல் திரையிசைக்கு அறிமுகமான அவர், 'கருத்தம்மா' (1994) திரைப்படப் பாடலுக்காகத் தேசிய விருது பெற்றார். 2010 செப்டம்பரில், 37-ஆம் அகவையில் மறைந்தார். இன்ஸ்டாகிராம் தொடங்கப்பெற்றது அதற்கடுத்த மாதத்திலேயாகும். வானொலியிலும் ஒலிநாடாவிலும் அவரைக் கேட்டவருள் பலர் அவர்தம் முகத்தை அறியார். குரலின் குழைவையும் மூச்சின் இடைவெளியையும் கொண்டே அவர்கள் ஒரு மனிதரை மனத்தில் வரைந்துகொண்டனர். ஆகவே, அப்புதிர் கலைஞரிடம் இருந்த பண்பு அன்று; கேட்போர் தம் செவியால் ஆற்றிய உழைப்பின் விளைவு எனலாம்.

எனினும், அந்நிலையை முற்றாகப் போற்றுதல் பொருந்தாது. ஒலிநாடா உறைகளில் பெரிதாக விளங்கியது நடிகரின் முகமே. இரசிகரின் கற்பனையை வளர்த்த அதே திரை, பாடியவரின் உழைப்பையும் மறைத்தது. இன்றைய பாடகர் தம் பாடலைத் தாமே வெளியிட்டுத் தம் பெயரை நிலைநாட்ட இயலும். இஃது ஆக்கமே. ஆனால், பாடுவதோடு அமையாது, இடைவிடாது தம்மைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டிய நெருக்கடியும் உடன் வந்துள்ளது.

அன்றைய மறைவும் இன்றைய வெளிப்பாடும் பெரும்பாலும் கலைஞர் தாமே தேர்ந்தவை அல்ல. நாம் இழந்ததாக வருந்தவேண்டியது புதிரை அன்று. குரலை மட்டும் கொண்டு நிறைவெய்திய செவியையே என்பது நம் துணிபு.