கிராண்ட் இருக்கிறது, பாதை இல்லை

கோல சிலாங்கூரில் செம்பனை நிலம் வாங்குகிறவர் கிராண்டை, அதாவது நிலப் பட்டாவை, பார்க்கிறார், மரங்களின் வயதைப் பார்க்கிறார். லோரி எந்த வழியாக வரும் என்ற கேள்வி கடைசியில்தான் எழுகிறது. வாய்க்கால் கரையைக் கை காட்டுவார்கள். அந்தக் கரை பெரும்பாலும் வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் ஒதுக்கீட்டு நிலம். அப்பன் காலத்திலிருந்து அதில் லோரி ஓடியிருந்தாலும் அது சட்டப்படி பாதை ஆகாது. நெடுநாள் புழக்கத்தால் வழியுரிமை பிறப்பதை மலேசியாவின் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் ஏற்பதில்லை. அரசு நிலத்தில் அனுபவ பாத்தியமும் செல்லாது.

கரையைப் பலப்படுத்த மண்வாரி இறங்கினால் ஒரே நாளில் வழி அடைபடும். வெட்டிய குலை சீக்கிரம் ஆலை சேர வேண்டும். தாமதித்தால் பழம் உதிரும், எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும்.

இப்படி வழியில்லாத நிலங்களுக்கென்றே தேசிய நிலச் சட்டத்தின் 28ஆம் பகுதியில் நில நிர்வாகியின் வழியுரிமை இருக்கிறது. மனு, விசாரணை, பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு என்று முறையாகப் போகும். பக்கத்து நிலக்காரரின் தயவுக்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை. பதிவேட்டில் ஏறிவிட்டால் நிலம் கைமாறினாலும் வழி நிற்கும். சிறுதோட்டக்காரருக்கு இது பெரிய பலம்.

ஆனால் நிர்வாகி உசிதம் என்று கருதினால்தான் வழி கிடைக்கும். கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும் உரிமை அல்ல. போய்ச் சேரும் இடமாகச் சட்டம் பொதுச் சாலையோடு கடலோரம், ஆறு, ரயில் நிலையம் ஆகியவற்றையும் ஏற்கிறது. படகில் சரக்குப் போன காலத்துக்கு அது சரி. இன்று சிலாங்கூர் ஆற்றைத் தொட்ட நிலத்துக்கு ஏற்கெனவே வழி உண்டென்று எதிர்த்தரப்பு வாதிட அது இடம் தருகிறது. லோரி ஆற்றில் வராது.

தனியார் நிலத்துக்குப் பதில் அரசின் ஒதுக்கீட்டு நிலம் குறுக்கே கிடந்தால் சிக்கல் கூடும். தற்காலிக நிலப் பயன்பாட்டு உரிமமான டி.ஓ.எல். எடுத்தால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது டிசம்பர் 31ஆம் தேதியோடு முடியும். இன்னொருவருக்கு மாற்ற முடியாது. வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் போயிற்று. இருபத்தைந்து ஆண்டு பலன் தரும் மரத்துக்கு ஓராண்டுக் காகிதம் எப்படிப் போதும்?

தோட்டங்கள் துண்டாடப்பட்ட வரலாறும் இதன் பின்னால் இருக்கிறது. அந்தத் துண்டாடலைக் கட்டுப்படுத்த அதே சட்டத்தில் 214ஏ பிரிவு 1972இல் சேர்க்கப்பட்டது. நிலத்தைப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் வழி இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். ஒரே கிராண்டில் பல பெயர் போட்டு, பிரிக்காமலே பங்கு வாங்கியவர்களுக்கு வழி உண்டா என்ற இந்தச் சோதனை நடப்பதே இல்லை. இதை நான் பெரிய ஓட்டையாகவே கருதுகிறேன்.

ஒரே கரையில் போய்வரும் நிலக்காரர்களே, தனித்தனியாக அலையாதீர்கள். சேர்ந்து ஒரே மனுவாக, கரையோரத்தைச் சாலை ஒதுக்கீடாக அரசிதழில் அறிவிக்கும்படி நில அலுவலகத்தில் கேளுங்கள். அடுத்த வெட்டு வரை காத்திருக்க வேண்டாம்.