அடுத்த மாசம் என்ன புக்கு?

வாசகர் வட்டம் நடத்துபவர்களைக் கேட்டுப் பாருங்கள். இடம் பிடிப்பது, டீ சொல்வது, முக்கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரை மரியாதை குறையாமல் நிறுத்துவது எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம் என்பார்கள். கூட்டம் முடிந்து செருப்பைத் தேடும்போது யாராவது "அப்ப அடுத்த மாசம் என்ன புக்கு?" என்று கேட்பார். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் பக்கம் ஒரு மொட்டை மாடியில் மாதம் ஒருமுறை ஒன்பது பேர் கூடுகிறோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ரயில்வே ஊழியர், விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், முதுகலை படிக்கும் பெண், பள்ளிக்கரணையிலிருந்து ஒரே ஸ்கூட்டரில் வரும் அக்கா தங்கை, அப்புறம் ஓ.எம்.ஆரில் கோடு எழுதும் என்னைப் போன்ற மூவர். வயதில் நாற்பது ஆண்டு வித்தியாசம் இருக்கிறது. ரசனையில் அதைவிட அதிகம்.

தமிழில் இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய முன்கதை உண்டு. 1880 அக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், அங்கே கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அதைப் பார்த்ததே இல்லை. முதலியாரே ஒரு பிரதியைக் கொடுத்தார், இருவரும் சேர்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். 1887ல் சிந்தாமணி அச்சில் வந்தது. பழந்தமிழ்ப் பதிப்பின் பெரிய அத்தியாயம் அங்கே தொடங்கியது. அன்றைக்கு அந்தக் கும்பகோணத்து வீட்டில் ஓட்டெடுப்பு வைத்திருந்தால் இன்னொரு அந்தாதிதான் ஜெயித்திருக்கும்.

நாங்கள் ஓட்டெடுப்புதான் வைக்கிறோம். போனில் ஐந்தாறு பெயர்கள் போடுவோம், எத்தனை பெயருக்கு வேண்டுமானாலும் டிக் அடிக்கலாம். பார்க்க ஜனநாயகமாக இருக்கும். ஆனால் இந்த முறையில் ஜெயிப்பது யாருக்கும் ரொம்பப் பிடித்த புத்தகமாக இருக்காது, யாருக்கும் ஆட்சேபணை இல்லாத புத்தகமாகவே இருக்கும். ஒன்பது பேரின் இரண்டாவது விருப்பம், நான்கு பேரின் உயிரான விருப்பத்தைத் தோற்கடித்துவிடும். சாப்ட்வேரில் இதைத் தினமும் பார்க்கிறோம்: எல்லோருடைய ஒப்புதலும் வாங்கி வெளியே வரும் டிசைன் எவருக்கும் கோபம் வராத டிசைனாக இருக்கும், அவ்வளவுதான். க.நா.சு. வாழ்நாள் முழுக்கப் பட்டியல் போட்டார், 'படித்திருக்கிறீர்களா?' என்று புத்தகமே எழுதினார், அதற்காக நிறையத் திட்டும் வாங்கினார். இலக்கியச் சிந்தனை அமைப்பு 1970 முதல் மாதம் ஒரு சிறுகதையையும், அந்தப் பன்னிரண்டிலிருந்து ஆண்டுக்கு ஒன்றையும் தேர்ந்தெடுத்தது. இரண்டிலும் தேர்வுக்குப் பின்னால் பெயருள்ள ஓர் ஆள் நின்றார், அவரோடு சண்டை போடலாம். ஓட்டெடுப்போடு யார் சண்டை போடுவது?

இந்த முறை பட்டியலில் இருந்தவை: ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', பூமணியின் 'வெக்கை', விநாயக முருகனின் 'ராஜீவ்காந்தி சாலை', அசோகமித்திரனின் 'தண்ணீர்', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'.

சிங்காரம் விமானப்படை சாரின் தேர்வு. வட்டத்தில் பாதிப் பேர் ஏற்கெனவே இரண்டு முறை படித்தாயிற்று, அதனால் எளிதில் விழுந்தது. 'வெக்கை' விழுந்த காரணம் வேறு. 1982ல் வந்த இந்த நாவலை 2019க்குப் பிறகு யாரும் தனியாகப் படிக்க முடிவதில்லை. 'அசுரன்' படம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பூமணி சாதிப் பெயர் எதையும் சொல்லாமல், ஒரு பையனும் அவன் அப்பாவும் காட்டிலும் மேட்டிலும் பதுங்கித் திரியும் சில நாட்களை வெயிலும் கிழங்கும் புகையுமாக எழுதியிருக்கிறார். நம் ஆட்கள் தனுஷைப் பற்றித்தான் பேசுவார்கள். புத்தகத்தின் மேல் பிழை இல்லை. ஆனாலும் இரண்டு மணி நேரம் வீணாகும்.

'ராஜீவ்காந்தி சாலை' எங்கள் மூவருக்காகவே யாரோ போட்டது. பழைய மகாபலிபுரம் சாலை, ஐ.டி. கம்பெனிகள், நிலத்தை விற்ற உள்ளூர்க் குடும்பங்கள், டாக்ஸி ஓட்டும் பையன்கள் என்று நாங்கள் தினமும் கடக்கும் உலகம். வேறு யாரும் தொடாத இடத்தைத் தொட்ட நாவல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்தித்தாளில் வந்த எல்லா அதிர்ச்சியையும் ஒரே சாலையில் கொண்டுவந்து நிறுத்தும் அவசரம் அதில் இருக்கிறது. என் க்யூபிகிளில் நடப்பது அந்த அளவுக்குப் பரபரப்பானதல்ல. அதைவிட மந்தமானது, அதனாலேயே இன்னும் பயங்கரமானது.

மிச்சம் இரண்டு.

ஓட்டில் ஜெயித்தது 'தண்ணீர்'. ஒன்பதுக்கு எட்டு. ஜெயிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்: நூற்றுச் சொச்சம் பக்கம், எங்கும் கிடைக்கும், அசோகமித்திரன் என்றால் மறுப்பே இல்லை. அதோடு எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்று சொன்னாலே ஆளுக்கொரு கதை வந்துவிடும். 2015 டிசம்பர் ஆரம்பத்தில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு ஓடியது. நான்கே வருடத்தில், 2019 கோடையில், ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ஐம்பது வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது. லாரிக்கு முன்பதிவு செய்துவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு வாசலில் காத்திருந்தவர்கள்தான் எங்கள் மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் ஆட்சேபணையும் அதுதான். இப்போது இதை எடுத்தால் அத்தனை பேரும் தங்கள் சம்ப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். 'வெக்கை'யில் சினிமா செய்வதை 'தண்ணீ'ரில் எங்கள் சொந்த அனுபவமே செய்துவிடும். இது கணையாழியில் தொடராக வந்து 1973ல் புத்தகமானது. அறுபதுகளின் கடைசி வறட்சி பின்னணியில் இருக்கிறது. தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போகும் கார்ப்பரேஷன், குழாயில் வரும் சாக்கடை நாற்றம், பம்பு வைத்திருக்கும் வீட்டுக்காரியின் அதிகாரம் எல்லாம் உண்டு. ஆனால் நாவல் இருப்பது ஜமுனாவிடம். சினிமாவில் வேஷம் வாங்கித் தருவதாகச் சொல்லும் பாஸ்கர் ராவிடம் தன்னை ஒப்படைத்துவிட்டு, தங்கை சாயாவின் வெறுப்புக்கு நடுவில் ஓர் அறையில் வாழ்கிறாள். சாயாவின் கணவன் ராணுவத்தில், குழந்தை வேறு வீட்டில். ஜமுனா முழுக்க உடைந்துபோகும் கட்டத்தில் அடுத்த வீட்டு டீச்சரம்மா வருகிறாள். சின்ன வயதில் தன்னைவிட மிகவும் மூத்த, நோயாளியான ஒருவருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். அவள் ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. தன் கதையைக் கிட்டத்தட்ட சலிப்போடு சொல்கிறாள். பிறகு இருவரும் அன்றாட வேலைக்குத் திரும்புகிறார்கள். ஜமுனா எழுந்து நிற்க அது போதுமானதாக இருக்கிறது. ஏன் போதுமானதாக இருக்கிறது என்பதை என்னால் இன்றுவரை முழுதாகச் சொல்ல முடியவில்லை. பேச வேண்டியது அதைத்தான். லாரி வராத கதையை ஆரம்பித்தால் அங்கே போய்ச் சேரவே மாட்டோம். ஆகவே என் யோசனை, 'தண்ணீரை' ஐப்பசி கார்த்திகையில் வைத்துக்கொள்ளலாம். கணுக்கால் அளவு தண்ணீரில் நடந்து வந்து உட்கார்ந்த பிறகு வறட்சி நாவலைப் படித்தால் வறட்சி கொஞ்சம் விலகி வழிவிடும், ஜமுனா தெரிவாள்.

'கோவேறு கழுதைகள்' வாங்கியது மூன்றே ஓட்டு. முதுகலைப் பெண், ரயில்வே அண்ணன், நான். "ரொம்ப சோகமா இருக்கும்பா" என்றார் பள்ளிக்கரணை அக்கா. "வட்டார வழக்கு, புரியாது" என்றார் இன்னொருவர். தமிழாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருப்பது அபூர்வம்.

1994ல் க்ரியா வெளியிட்ட இமையத்தின் முதல் நாவல். ஆரோக்கியம் தலித் குடியிருப்புக்குத் துணி வெளுப்பவள். தீண்டப்படாதவர்களாலும் கீழே வைக்கப்பட்டவள். பிறப்பிலும் சாவிலும் அவள் இல்லாமல் அந்த ஊருக்கு ஆகாது, அவளுக்குக் கூலி என்று எதுவும் நிச்சயம் கிடையாது. ராத்திரி வீடு வீடாகப் போய் வாங்கும் சோறும், களத்தில் கிடைக்கும் தானியமும்தான். அதுவும் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. வந்த புதிதில் சுந்தர ராமசாமி இதை உச்சத்தில் வைத்துப் பாராட்டினார். தலித்துகளுக்குள் இருக்கும் படிநிலையை ஒரு தலித் எழுத்தாளர் இப்படிக் காட்டலாமா என்று அந்தத் தரப்பிலிருந்தே கடுமையான எதிர்ப்பும் வந்தது. இரண்டு தரப்புக்கும் காரணம் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: ஆரோக்கியம் புரட்சி பேசுவதில்லை. தன்னை நசுக்கும் ஏற்பாடு கலைந்துவிடக் கூடாதே என்றுதான் அழுகிறாள். பழைய வழக்கம் போனால் பட்டினி என்பது அவளுக்குத் தெரியும். மகள் மேரிக்கு நேரும் கொடுமையைக்கூட உரக்கச் சொல்ல அவளுக்கு வழியில்லை. வாசகன் அவளுக்கு விடுதலை வேண்டும் என்று நினைக்கிறான், அவள் அந்த வாசகனோடு ஒத்துழைக்க மறுக்கிறாள். தமிழில் இவ்வளவு சங்கடமான இடத்தில் வாசகனை உட்காரவைத்த நாவல்கள் குறைவு. குறை இல்லாமல் இல்லை. நடுப்பகுதியில் புலம்பல் ஒரே சுருதியில் நீள்கிறது. விறுவிறுப்பு தேடுபவர்கள் அங்கே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

ஓட்டெடுப்பு முடிந்த மறுநாள் தமிழாசிரியர் போன் செய்தார். "தம்பி, அந்தப் புத்தகம் வந்தப்பவே படிச்சேன். எங்க ஊர்லயும் ஒரு அம்மா இருந்தா. ராத்திரி சோறு போடறது எங்க அம்மா. அந்தம்மா பேரு எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட கேட்டதில்ல. அத ஒம்போது பேர் முன்னாடி எப்படிப் பேசறதுன்னுதான் டிக் பண்ணல."

எட்டு ஓட்டு வாங்கிய புத்தகத்தைத் தள்ளிவைக்கச் சொல்வதற்கு எனக்கு இதைவிட நல்ல வாதம் கிடைக்காது. 'தண்ணீ'ரைப் பற்றிப் பேச எங்கள் எல்லோரிடமும் சொல் தயாராக இருக்கிறது. 'கோவேறு கழுதைக'ளுக்கு ஒருவரிடமும் இல்லை. தயாராக இருக்கும் சொல்லைச் சொல்வதற்கு மாதம் ஒருமுறை மாடியேற வேண்டுமா? எங்கள் அபார்ட்மெண்டுகளின் கேட்டுக்கு வெளியே வண்டி போட்டு இஸ்திரி செய்கிறவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் அன்று குழுவில் கேட்டு எழுதினேன். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது.

சாரின் அனுமதியோடு விஷயத்தைச் சொன்னேன். மறு ஓட்டு எதுவும் வைக்கவில்லை, நான் தேர்ந்தெடுத்ததாகவே இருக்கட்டும், திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள் என்றேன். பள்ளிக்கரணை அக்கா இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார், ஆனால் மூன்று பிரதிகளுக்குப் பணம் அனுப்பிவிட்டார். வழக்குச் சொற்களுக்கு முதுகலைப் பெண் ஒரு பட்டியல் தயாரிக்கிறாள். களத்துமேட்டுப் பகுதியைச் சத்தமாக வாசிப்பது தன் பொறுப்பு என்கிறார் ரயில்வே அண்ணன், அவருக்கு விழுப்புரம் பக்கம். கூட்டம் இரண்டாவது ஞாயிறு, ஆறரை மணிக்கு. மழை வந்தால் மாடிப்படியில்.