பாசியைக் கொல்வதும் அறுப்பதும்

குமரி மாவட்டத்தில் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு வாய்த்த பெரிய வசதி கடல்தான். கோயம்புத்தூர்க்காரர் விலை கொடுத்து உப்புக்கலவை வாங்கிக் கரைக்க வேண்டும். நாகர்கோவில்காரர் முட்டத்துக்கோ சொத்தவிளைக்கோ நாலு கேனோடு போய்வந்தால் முடிந்தது. புத்தளம் உப்பளத்து உப்பைக் கரைத்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. உப்பளத்தில் நீர் வற்றும்போது கால்சியத்தின் பெரும்பகுதி ஜிப்சமாக முன்பே படிந்துவிடும். மக்னீசியம் கடைசிக் கசப்புநீரோடு வெளியேறிவிடும். அதனால் கடலில் மொண்டு வரும் நீரே நல்லது. ஆனால் தொட்டியில் வரும் பாசித் தொல்லையில் ஒரு பெரும் பங்கும் அந்தக் கேனுக்குள்தான் வருகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நம் மேற்குக் கரையோரம் அடிக்கடல் நீர் மேலே ஏறி வருகிறது. குளிர்ந்த அந்த நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுதி. நுண்பாசி பெருகி, சாளை பெருகுவதும் அதனால்தான். 2004 செப்டம்பரில் கொல்லம் முதல் விழிஞ்ஞம் வரை கடலிலிருந்து குமட்டும் நாற்றம் எழுந்து, பலர் உடல்நலம் கெட்டதும் இதே பருவத்தில் நுண்பாசி மிதமிஞ்சிப் பெருகியதையொட்டித்தான். ஆடி மாதம் கலங்கிய கரையோரத்தில் மொண்ட நீரைத் தொட்டியில் ஊற்றுகிறவர் மீனுக்கு நீர் மாற்றுவதாக நினைக்கிறார். உண்மையில் பாசிக்கு உரம் இடுகிறார். மாசி, பங்குனியில் கடல் தெளிந்து கிடக்கும்போது மொண்டு, துணியில் வடிகட்டி, இருட்டில் மூடி வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். ஆவியாகும் நீரை ஈடுகட்ட வயலோரக் கிணற்றுத் தண்ணீரை விடும் பழக்கமும் கேடுதான். யூரியா இட்ட வயலின் நைட்ரேட் அந்தக் கிணற்றுக்கும் இறங்கும். ஆர்.ஓ. தண்ணீர் இதற்குத் தவிர்க்க முடியாத செலவு.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கல்பவளங்கள் 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிருள்ள பவளம் மட்டுமல்ல, செத்த பவளக் கல்லை எடுப்பதும் குற்றம். வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் பாசிக்கு முதல் மருந்தாகச் சொல்லும் ‘உயிர்ப்பாறை’, அதாவது நுண்ணுயிரும் சிற்றுயிரும் குடியேறிய பவளக் கல், நமக்கு இல்லை. சுட்ட மண்ணாலும் சிமென்ட்டாலும் செய்த பாறைகளை வைத்து, மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விழிஞ்ஞம், மண்டபம் மையங்கள் இனப்பெருக்கம் செய்து காட்டிய கோமாளி மீன்களைப் போன்ற வளர்ப்பு மீன்களை விடுவதுதான் நேர்மையான வழி. வெறும் பாறையில் நல்ல நுண்ணுயிர்கள் குடியேற மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் முதலில் பழுப்புப் படலமாக டயாட்டம் வரும், பிறகு பச்சை முடிப்பாசி வரும். இந்த இடைக்காலத்தில் பொறுமை இழப்பவர்கள்தான் மருந்துக் கடைக்குப் போகிறார்கள்.

மருந்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், இறகு போல வளரும் பிரையாப்சிஸ் என்ற பாசியை இரண்டு மூன்று வாரங்களில் வெளிறச் செய்துவிடும். கையால் பிடுங்கினால் வேர்த்துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும் பாசி அது. அதற்கு இது உண்மையாகவே உதவுகிறது. ஆனால் செத்த பாசி எங்கே போகிறது? தொட்டியிலேயே அழுகி, தான் உண்ட நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் நீருக்கே திருப்பிக் கொடுக்கிறது. வயலில் பறித்த களையை வயலிலேயே மிதித்துவிட்டு, அடுத்த மாதம் களை எப்படி வந்தது என்று வியப்பதைப் போன்றது இது. செந்நிறச் சளி போலப் படரும் சயனோபாக்டீரியாவுக்கு எரித்ரோமைசின் போடுவது இன்னும் மோசம். தொட்டியைத் தூய்மையாக வைத்திருக்கும் நுண்ணுயிர்களையும் அது தாக்கலாம். அந்த நீர் கடைசியில் சாக்கடைக்குப் போகிறது. நுண்ணுயிர்க்கொல்லிகளுக்குக் கிருமிகள் பழகிவருவதை மருத்துவர்கள் அஞ்சும் காலத்தில், அலங்காரத் தொட்டிக்காக அதைக் கொட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகள்கள் இதைவிட நேர்மையான வழி. சத்தைக் கட்டிப் பிடித்துத் துகளோடு வெளியே எடுத்துவிடலாம். ஆபத்து, அளவு மீறுவதில் இருக்கிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு இல்லாமல் போன தொட்டிகளில் முடிப்பாசி ஒழிந்த இடத்தில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நச்சு நுண்ணுயிர் பழுப்பு இழைகளாகப் படர்வதை வளர்ப்பாளர்கள் பலர் கண்டிருக்கிறார்கள். பாஸ்பேட் லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம், நைட்ரேட் 5 முதல் 10 மில்லிகிராம் என்று கொஞ்சம் விட்டுவைப்பதே நல்லது.

மேய்ச்சல் உயிர்களை நம்பும் முறைக்குக் கடலே சாட்சி. 1983-84இல் கரீபியன் கடலில் பாசி மேயும் நீள்முள் கடல்முள்ளெலிகள் நோயில் கூட்டங்கூட்டமாக மடிந்தன. பாசி தின்னும் மீன்கள் ஏற்கெனவே பிடிக்கப்பட்டுக் குறைந்துபோயிருந்த ஜமைக்காவில், 1970-களின் இறுதியில் பாதிக்குமேல் இருந்த பவளப் பரப்பு 1990-களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கி, பாறையெங்கும் பாசி மூடியது. மேய்வோர் இல்லாத பாறை பாசிக்கே உரியது. ஆனால் தொட்டியில் மேய்ச்சலால் கிடைப்பது பாதிப் பலன்தான். நத்தை தின்ற பாசி எச்சமாக அதே நீரில்தான் விழுகிறது. ஓரா மீன் பாசியை ஆசையாகத் தின்னும். ஆனால் ஒரு அடிக்குக் கிட்ட வளரும், முள்ளில் நஞ்சு உண்டு, மூன்றடித் தொட்டியில் அதை அடைப்பது கொடுமை. டர்போ, ட்ரோக்கஸ் நத்தைகளில் சில இனங்கள் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. இனம் தெரியாமல் பாறையிலிருந்து பெயர்த்து வரக்கூடாது.

எனக்கு நம்பிக்கை அளிப்பது பாசியைக் கொண்டே பாசியை அடக்கும் முறை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஆடி 1980-களில் பரப்பிய யோசனை இது. சொரசொரப்பான பிளாஸ்டிக் வலை ஒன்றில் தொட்டி நீரை மெல்லிய தாளாக வழியவிட்டு, பக்கத்திலிருந்து பலமான வெளிச்சம் அடிக்க வேண்டும். முதல் வாரம் பழுப்புச் சளிதான் படியும். அடுத்தடுத்த வாரங்களில் பச்சைப் பாசி அடர்ந்து, வலை தடித்த கம்பளி போல் ஆகிவிடும். வாரம் ஒருமுறை வலையைக் கழற்றி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்தெடுத்து, மெல்லிய படலத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும். வழித்த பாசியைப் பிழியும்போது மழைக்காலக் கடற்கரையின் வாசம் அடிக்கும். மீனுக்குப் போட்ட தீனியிலிருந்தும் கடல்நீரிலிருந்தும் வந்த சத்து அந்தக் கைப்பிடிக்குள் இருக்கிறது. அது தொட்டியைவிட்டு வெளியே போகிறது. தொட்டி விளக்கு அணைந்த பிறகு இந்த விளக்கை எரியவிட்டால், இரவில் சேரும் கரியமில வாயுவை இந்தப் பாசி உண்டு, நீரின் காரத்தன்மை சரிவதையும் தடுக்கும்.

குறையும் இல்லாமல் இல்லை. பாசி கசியும் சாற்றால் நீர் மஞ்சளிக்கும். கரித்துகள் வைக்க வேண்டும். இரும்பு, அயோடின் போன்ற நுண்சத்துகளையும் பாசி உறிஞ்சும். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 1987இல் திறந்த பெரிய பவளப்பாறைக் காட்சியகம் இந்த முறையை நம்பித் தொடங்கி, பின்னர் கைவிட்டது. மின்சாரம் போனால் வலை காய்ந்து பாசி செத்துவிடும். நம் ஊர் மழைக்காலத்தில் இது சின்ன விஷயமல்ல. சோம்பேறிக்கும் இது ஒத்துவராது. மூன்று வாரம் வழிக்காமல் விட்டால் அடிப்பாசி வெளிச்சம் கிடைக்காமல் அழுகி, உதிர்ந்து, சேமித்ததையெல்லாம் தொட்டிக்கே கொட்டிவிடும்.

அறுத்த பாசியை என்ன செய்வது என்பதில்தான் பலர் அக்கறை காட்டுவதில்லை. சத்தை உறிஞ்சுவதற்காகப் பக்கத் தொட்டியில் கௌலர்பா என்ற பாசியை வளர்ப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 1984இல் மொனாக்கோ கடற்கரையில் முதலில் காணப்பட்ட கௌலர்பா டாக்சிஃபோலியா, அங்குள்ள காட்சியகத்திலிருந்தே தப்பியதாகக் கருதப்படுகிறது. பிறகு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரவியது. நமக்குக் கிட்டத்திலேயே, வளர்ப்புக்காக மண்டபத்துக்குக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி, குருசடைத் தீவின் உயிர்ப்பவளங்கள்மேல் படர்ந்து மூடியதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். கையால் பிடுங்கி எடுத்தாலும், மிஞ்சிய துணுக்குகளிலிருந்து அது மறுபடி தழைக்கக்கூடியது. கடையில் வாங்கிய பாசி எந்தக் கடலைச் சேர்ந்தது என்று வாங்கியவருக்கும் விற்றவருக்கும் பெரும்பாலும் தெரியாது. ஆகவே வழித்த பாசியைக் கடலில் வீசக்கூடாது, ஓடையில் கொட்டக்கூடாது, கழிப்பறையில் விடவும் கூடாது. நன்னீரில் இரண்டு முறை அலசி, வெயிலில் சருகாகக் காயவைத்து, தென்னை மூட்டில் புதைத்துவிடலாம். தொட்டியிலிருந்து மாற்றும் பழைய நீரையும் அப்படியே கடலுக்குத் திருப்பிக் கொண்டுபோய் ஊற்றாமல், பிளீச்சிங் பவுடர் கலந்து ஒருநாள் வைத்த பிறகே வெளியே விட வேண்டும்.