சுசீந்திரத்து விளக்குப் பாவைகள்

தாணுமாலயன் கோயிலுக்கு வருகிறவர்கள் 134 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள்; தட்டினால் ஸ்வரம் எழுப்பும் இசைத்தூண்களுக்கு முன் நிற்பார்கள்; 18 அடி அனுமாரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். பிராகாரத் தூண்களில் இரு கையாலும் அகல் ஏந்தி வரிசையாக நிற்கும் கல் பெண்களிடம் நிற்பவர்கள் குறைவு. இசைத்தூண் கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. என் ஓட்டு பாவைகளுக்கு.

கருங்கல்லில் இது லேசான வேலை இல்லை. முழங்கை உடலை விட்டு விலக வேண்டும், அகல் முன்னால் நீள வேண்டும், எண்ணெய் வழியாதபடி குழிய வேண்டும். அதைவிடப் பெரிய சவால் முகம். திரியின் வெளிச்சம் கீழிருந்து மேலே போகும். தாழ்ந்த இமையும் கன்னத்து மேடும் உதட்டோரத்து மடிப்பும் அந்த ஒளியில்தான் உயிர்பெறும். தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்தால் கண்குழி இருண்டு, மூக்கின் நிழல் வாயை மூடிவிடும். பாவையின் அழகில் பாதி அங்கேயே போயிற்று.

வெளிச்சத்தையே பாதி மூலப்பொருளாகக் கொண்ட இன்னொரு கலை, விக்டோரியா காலத் தேவாலயங்களின் நினைவுச் சாளரங்கள். வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப்பட்டையால் கோத்து, இறந்தவர் பெயரில் சுவரில் பதிப்பார்கள். கொல்கத்தா புனித பவுல் பேராலயத்தின் மேற்குச் சாளரம் அப்படிப்பட்டது. 1872இல் போர்ட் பிளேரில் குத்திக் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோவின் நினைவாக, ஆங்கிலேய ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் வரைந்து 1880இல் உருவானது. சூரியன் மேற்கே சாயும்போது பார்க்க வேண்டும். இருட்டிய பின் உள்ளிருந்து பார்த்தால் அது வெறும் கறுப்புக் கண்ணாடி.

நம்மிடமும் பெயரோடு நிற்கும் பாவை உண்டு. திருவிடைமருதூரில், தஞ்சை மராட்டிய இளவரசனை மணக்க லட்ச தீபம் நேர்ந்துகொண்ட பெண், அது நிறைவேறியதும் தன்னையே விளக்கேந்தும் உலோகப் பாவையாக்கி நிறுத்தினாள். பீடத்திலேயே அந்தச் செய்தி பொறித்திருக்கிறது. அந்தக் கதை எனக்கும் பிடிக்கும். ஆனாலும் கதையைக் கேட்டுவிட்டால் முகத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம். கதையேதும் சொல்லாத சுசீந்திரத்துப் பெண்களை முகம் முகமாகத்தான் பார்த்தாக வேண்டும். கொண்டையும் அணியும் ஆளுக்கு ஆள் மாறுவது அப்போதுதான் தெரியும்.

சாயரட்சை வேளையில் ஒரு பிராகாரத்திலாவது மின்விளக்கை அணைத்து, இவர்கள் கையில் திரியிட்டு ஏற்ற நிர்வாகம் மனம்வைக்கட்டும். எண்ணெய்க்கு உபயம் தர நாஞ்சில் நாட்டில் ஆளுக்கா பஞ்சம்?