மொய்க் கணக்கு

விளையாட்டைப் பற்றி எழுத நாவலாசிரியனுக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்கலாம். பந்து உதைப்பதைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாதுதான். ஆனால் இங்கிலாந்தில் சில வருஷங்களாகப் பந்தைவிட அதிகமாக உதைபட்டு வந்திருப்பது கணக்குப் புத்தகம். கணக்குப் புத்தகமும் ஒரு வகைக் கதைதான். அதைப் படித்துக் குணதோஷம் சொல்வது என் தொழிலுக்கு அடுத்த வீட்டுத் தொழில்.

கதையின் முடிச்சு இது. பிரீமியர் லீக் பந்தயத்தில் இருபது கிளப்புகள். முதலாளி எவ்வளவு பணக்காரரானாலும் தம் பணத்தைக் கொட்டி ஆட்டக்காரர்களை வாங்கிக் குவித்துவிடக் கூடாது என்று 2013-ல் ஒரு விதி செய்தார்கள். மூன்று வருஷத்து நஷ்டம் அதிகபட்சம் 10.5 கோடி பவுன்; அதற்கு மேல் போனால் தண்டனை. வரவுக்குத் தக்க செலவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரவு எங்கிருந்து வருகிறது? சட்டையில் பெயர் போட்டுக்கொள்ளக் கம்பெனிகள் கொடுக்கும் பணம் அதில் பெரிய பங்கு. அந்தக் கம்பெனி முதலாளிக்கு வேண்டியவர்களுடையதாக இருந்தால்? கல்யாண வீட்டுக்காரர் தம் பணத்தையே மைத்துனர் கையில் கொடுத்து, மைத்துனர் பெயரில் மொய் எழுதச் சொன்னால், நோட்டில் வரவு கூடும். பணம் அதே பணம்தான். மாஞ்செஸ்டர் சிட்டி கிளப்பின்மேல் சொல்லப்பட்ட முக்கியமான குற்றத்தின் சாரம் இதுவே.

அபுதாபி அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் மன்சூர் 2008-ல் அந்தக் கிளப்பை வாங்கினார். அடுத்த வருஷம் சட்டையில் எதிஹாத் விமானக் கம்பெனியின் பெயர் ஏறியது. 2011-ல் மைதானத்துக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். எதிஹாதும் அபுதாபி அரசின் கம்பெனிதான். 2018-ல் ‘டெர் ஷ்பீகல்’ என்ற ஜெர்மன் பத்திரிகை கிளப்பின் உள் கடிதங்களை வெளியிட்டு, விளம்பரப் பணத்தில் பெரும் பகுதி முதலாளி பக்கத்திலிருந்தே வந்தது என்றது. ஐரோப்பியச் சங்கமான யூஃபா 2020 பிப்ரவரியில் கிளப்பை இரண்டு பருவம் தள்ளிவைத்து, 3 கோடி யூரோ அபராதம் போட்டது. ஐந்தே மாதத்தில் லோசான் நகரத்து விளையாட்டு நடுவர் மன்றம் தடையை நீக்கிற்று. சில குற்றங்கள் காலாவதி ஆகிவிட்டன, மற்றவை நிரூபணமாகவில்லை என்பது தீர்ப்பு. விசாரணைக்கு ஒத்துழைக்காததற்கு மட்டும் 1 கோடி யூரோ அபராதம் மிஞ்சியது. பிறகு 2023 பிப்ரவரியில் பிரீமியர் லீக் நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. கிளப் எல்லாவற்றையும் மறுத்தது. 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மூடிய கதவுக்குள் விசாரணை நடந்தது.

குற்றம் உண்டா இல்லையா என்று சொல்ல நான் நீதிபதி அல்ல. என் விமரிசனம் விதியைப் பற்றியது.

2021-ல் சவூதி அரேபிய அரசு நிதியின் தலைமையில் ஒரு கூட்டு நியூகாஸில் கிளப்பை வாங்கியது. உடனே மற்றவர்கள் பயந்துபோய், வேண்டியவர்கள் தரும் விளம்பரப் பணம் ‘நியாயமான சந்தை விலை’யைத் தாண்டக் கூடாது என்று விதித்தார்கள். அந்த விலையைக் கண்டுபிடிப்பது எப்படி? உறவும் இல்லாத, அவசரமும் இல்லாத ஒரு கற்பனை மனிதர் அந்தச் சட்டைக்கு என்ன கொடுப்பார் என்று ஊகிக்க வேண்டும். பாத்திரம் படைக்கும் இந்த வேலையை நாங்கள் செய்தால் நாவல் என்பார்கள். வக்கீல்கள் செய்தால் மதிப்பீடாம்!

இதிலே இன்னொரு வேடிக்கை. முதலாளி விளம்பரம் என்று கொடுத்தால் விதி பிடிக்கும். வட்டியில்லாக் கடன் என்று கொடுத்தால் பிடிக்காது. 2024 அக்டோபரில் நடுவர்கள் இந்த ஓட்டையைக் காட்டி, இது சட்டவிரோதம் என்றார்கள். நவம்பரில் 16 கிளப்புகள் ஆதரிக்க, 4 எதிர்க்க, விதி திருத்தப்பட்டது. 2025 பிப்ரவரியில் பழைய விதியே செல்லாது என்று தீர்ப்பாயிற்று. செப்டம்பரில் சமரசம், திருத்திய விதி செல்லும் என்று மாஞ்செஸ்டர் சிட்டியும் ஒப்புக்கொண்டது. போட்டிக் கடைக்காரர்கள் கூடி ஒருவர் தராசை ஒருவர் சோதிக்கும் சந்தையில் இப்படித்தான் நடக்கும்.

பழைய கதை ஒன்றும் இருக்கிறது. 1901-ல் ஆட்டக்காரனுக்கு வாரம் 4 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி வந்தது. ரகசியமாக அதிகம் கொடுத்ததாக 1906-ல் அகப்பட்டது இதே மாஞ்செஸ்டர் சிட்டிதான். பதினேழு ஆட்டக்காரர்கள் இனி அந்தக் கிளப்புக்கு ஆடவே கூடாது என்றார்கள். ஓர் ஓட்டலில் வைத்து அவர்களை ஏலம் போட்டார்கள். பில்லி மெரிடித் என்ற மகா கெட்டிக்காரர், இன்னும் சிலரோடு, அதே ஊர் மாஞ்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். 1908-ல் லீக் பட்டம் யுனைடெட்டுக்கு! சமத்துவத்தின் பெயரால் வந்த அந்தக் கூலி உச்சவரம்பு 1961 வரை உழைத்தவன் வயிற்றில் அடித்தது. ஆகவே ‘நியாயம்’ என்று ஒரு விதிக்குப் பெயர் வைத்துவிட்டதாலேயே நான் கைகூப்பிவிட மாட்டேன்.

அப்படியானால் விதியே வேண்டாமா? வேண்டும். பரி என்ற சிற்றூர்க் கிளப் 1885-ல் பிறந்தது. 1900-லும் 1903-லும் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. பணக் குழப்பத்தில் சிக்கி 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. முதலாளிகள் வருவார்கள், போவார்கள். தாத்தா காலத்திலிருந்து சனிக்கிழமைதோறும் மைதானத்துக்குப் போன குடும்பங்கள் எங்கே போகும்? விதி காக்க வேண்டியது இவர்களை.

ஆனால் நடப்பதென்ன? எவர்ட்டன் கிளப், வரம்பை மீறியதை ஒப்புக்கொண்டது. 2023 நவம்பரில் 10 புள்ளிகள் போயின. அப்பீலில் அது 6 ஆயிற்று. ஏப்ரலில் இன்னொரு மீறலுக்காக மேலும் 2 போயின. ஒப்புக்கொண்டவனுக்கு உடனே தண்டனை; மறுத்தவனுக்கு வருஷக் கணக்கில் வாய்தா. மறுப்பது உரிமைதான், ஆனால் வாய்தாவுக்குப் பணம் வேண்டும்.

தாமதத்தின் பாவம் ரசிகன் தலையில் விடிகிறது. 2012-ல் கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிஷங்களில் கோல் விழுந்து மாஞ்செஸ்டர் சிட்டி பட்டம் வென்றது. அன்று ஆனந்தக் கண்ணீர் விட்டவனும் ஏமாந்து வீடு திரும்பியவனும் கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். பதினோரு வருஷம் கழித்து வந்த குற்றப்பத்திரிகையில் அந்தப் பருவமும் அடக்கம். வாசகன் புத்தகத்தை மூடிவைத்து வயதும் ஆன பிறகு, ஆசிரியர் வந்து கடைசி அத்தியாயத்தில் சந்தேகம் கிளப்புவதைப்போல.

2025 ஜூலையில் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்து, கிளப்புகளுக்கு வெளியே நிற்கும் கண்காணிப்பாளர் ஒருவரை ஏற்படுத்தியது. தராசு கடைக்காரர்கள் கையிலிருந்து கொஞ்சமாவது விலகுகிறது. சட்டைமேல் எழுதிய பெயருக்கு என்ன விலை என்று ஆராய்வதற்கு முன்னால், அந்தச் சட்டைக்காக மழையில் நின்ற கூட்டத்துக்கு என்ன உரிமை என்று அவர் கேட்பாரானால், ஒரு நல்ல காரியம் ஆரம்பமாகும்.