நூலின் சாரமா, நம் ஆசையா?

டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ன கூறுகிறது? “குரங்கிலிருந்து மனிதன் பிறந்தான்” என்பார் நம் மேடைத் தோழர். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் 1859-இல் வெளிவந்த அந்நூலில் மனிதனின் தோற்றம் பற்றி இறுதியில் சிறு குறிப்பன்றி வேறில்லையே! அதனை அவர் விரித்துரைத்தது 1871-இல், வேறொரு நூலில். அங்கும், இன்றுள்ள எந்தக் குரங்கையும் நம் முன்னோனாகக் கருதிவிடாதீர் என்றே எச்சரிக்கிறார். தோழர் தந்தது சுருக்கமன்று. டார்வின் பெயரால் தம் ஆசையை மொழிந்தார், அவ்வளவே!

சுருக்கும் முறையை டார்வினிடமே நாம் பயிலலாம். தாம் எழுத எண்ணிய பெருநூலின் சுருக்கம் என்றே இந்நூலை அவர் குறிப்பிட்டார். (ஏறத்தாழ ஐந்நூறு பக்கச் சுருக்கம்!) அதனையும் கடைசி இயலில் மீண்டும் சுருக்குகிறார். அங்கே முதலிடம் எதற்கு? தம் கொள்கைக்கு எதிரான தடைகளுக்கு! இடைப்பட்ட உயிர்வடிவங்களின் எச்சங்கள் பாறையடுக்குகளில் ஏன் நிறைந்து கிடக்கவில்லை என்ற வினாவையும் அவரே எழுப்புகிறார். ஆதரவான சான்றுகள் அதன் பின்னரே அணிவகுக்கின்றன.

நம்மவர் எழுதும் சுருக்கங்களிலோ சான்றுகள் அனைத்தும் இருக்கின்றன. தடைகள் மட்டும் காணாமற் போகின்றன. மறுப்போர் கையிலும் அதே நூல் இருக்கிறது, தோழர்களே! அவர்கள் முதலில் புரட்டுவது நாம் விட்டுவிட்ட அந்தப் பக்கங்களைத்தான்.