நிக்கா தந்ததும் தர முடியாததும்

1955 மார்ச் 12. நியூயார்க் ஸ்டான்ஹோப் ஓட்டலில் ஒரு சீமாட்டியின் அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் இறந்துபோனார். வயது 34. உடலைப் பார்த்த மருத்துவர் ஐம்பதைத் தாண்டியவர் என்றே கணித்தார். கறுப்பினக் கலைஞர் வெள்ளைக்காரச் சீமாட்டியின் அறையில் இறந்தது பத்திரிகைகளுக்குப் பெருந்தீனி. ஓட்டல்காரர்கள் அந்தச் சீமாட்டியைக் காலி செய்யச் சொன்னார்கள்.

அவர்தான் பனோனிகா டி கோனிக்ஸ்வார்ட்டர். ஜாஸ் உலகத்துக்கு நிக்கா. ராத்சைல்டு வங்கிக் குடும்பத்தில் 1913இல் லண்டனில் பிறந்தவர், பிரெஞ்சு யூதப் பிரபு ஒருவரின் மனைவி, ஐந்து பிள்ளைகளின் தாய். இரண்டாம் உலகப்போரில் தெகோலின் சுதந்திர பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர். 1950களில் குடும்ப வாழ்க்கையை உதறிவிட்டு நியூயார்க்கில் தங்கிவிட்டார். பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கை 1954இல் பாரிஸில் சந்தித்தார். மங்க்கின் சாவு வரை அந்த நட்பு நீடித்தது.

இசைக்கலைஞர்களுக்கு நிக்கா செய்த உதவிக்கு விண்ணப்பம் கிடையாது, தேர்வுக்குழு கிடையாது. இன்றைய மானியக் கோப்புகளில் அலையும் கலைஞர்களுக்குப் பொறாமை வரலாம். வாடகை பாக்கியா, மருத்துவச் செலவா, உடனே பணம் வரும். இரவு இரண்டு மணிக்கும் பென்ட்லி காரில் கொண்டுபோய் விடுவார். பின்னர் தங்கிய பொலிவார் ஓட்டல் அறையில் அவர் வாங்கிப் போட்ட பியானோவில் மங்க் இசையமைத்தார். மங்க்கின் ‘பிரில்லியன்ட் கார்னர்ஸ்’ இசைத்தட்டில் நிக்காவின் பெயரிலேயே ஒரு மெட்டு இருக்கிறது.

ஆனால் சட்டம் பணப்பைக்குள் அடங்கவில்லை. அன்று நியூயார்க்கில் மது விற்கும் கிளப்பில் வாசிக்க போலீஸ் தரும் ‘கேபரே அட்டை’ வேண்டும். 1951இல் போதைப்பொருள் வழக்கில் மங்க் அதை இழந்தார். 1957இல்தான் மீண்டும் கிடைத்தது. அடுத்த ஆண்டே நிக்காவின் காரில் டெலவேர் வழியே போகும்போது, தண்ணீர் கேட்க மங்க் ஒரு விடுதிக்குள் நுழைந்தார். தகராறு முற்றி, போலீஸ் அவரை அடித்தது. காரில் கஞ்சா சிக்கியது. தன்னுடையதுதான் என்று நிக்கா பழியை ஏற்றார், சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில்தான் தப்பினார். அசாத்தியத் துணிச்சல்தான். ஆனாலும் மங்க்கின் அட்டை மறுபடி பறிபோனது. தனியொருவரின் வள்ளல்தன்மை அடுத்த வேளையைக் காக்கும். அட்டை கேட்கும் அமைப்பை அசைக்காது. அந்த முறை 1967 வரை நீடித்தது.

இன்னொரு குறை, கதை சொல்லப்படும் விதத்தில் இருக்கிறது. அட்டையில்லாத ஆண்டுகளில் வேலைக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டியவர் மங்க்கின் மனைவி நெல்லி. வள்ளலின் பென்ட்லி படத்தில் பளிச்சென்று விழுகிறது. மனைவியின் சம்பளம் விழுவதில்லை.

பணத்தால் தீராதவை உண்டு என்பதை நிக்கா உணராமல் இல்லை. சுமார் 300 இசைக்கலைஞர்களிடம் உங்கள் மூன்று ஆசைகள் என்ன என்று கேட்டுக் குறித்துவைத்தார். வெள்ளையனாக இருக்க வேண்டும் என்ற ஒன்றோடு டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் நிறுத்திக்கொண்டார். எந்தச் சீமாட்டியாலும் தர முடியாத வரம்.

1970களில் மங்க் நியூஜெர்சியில் இருந்த நிக்காவின் வீட்டுக்கே வந்துவிட்டார். மெல்ல மெல்ல வாசிப்பதையே விட்டார். புரவலர்கள் பொதுவாகப் பாட்டையோ புகழையோ எதிர்பார்ப்பார்கள். நிக்காவோ ஒரு சுரம்கூட வராதபோதும் 1982 பிப்ரவரியில் அவர் இறக்கும்வரை வைத்துப் பார்த்துக்கொண்டார். நிக்காவின் புரவலர் வாழ்க்கையில் குறை சொல்ல முடியாத பகுதி இந்த ஆண்டுகள்தான்.